"550 பாராகார்டு"ன்னு சொல்லி விக்கிற டூப்ளிகேட் கயிறு, குரோஷே போடுறவங்க தயவுசெஞ்சு படிங்க

கயித்துல குரோஷே (கொக்கி ஊசில கண்ணி கண்ணியா பின்னுறது) போட்டு பெல்ட், பை, பாட்டில் மாட்டுற வார் எல்லாம் செய்றவங்க இத படிச்சுட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க. ஒரு ஷாப்பிங் ஆப்ல "550 பாராகார்டு, 100% நைலான், உள்ள 7 இழை, 31 மீட்டர்"னு போட்டிருந்த பாராசூட் கயித்த வாங்கினேன், சுத்தமா ஏமாத்திட்டாங்க. காசு போனதுகூட ஒரு பக்கம், நான் போட்டது எங்க அண்ணன் இடுப்புல கட்டிட்டு ஏணி ஏறுற டூல் பெல்ட்டு, அவரு எலக்ட்ரீசியன், கட்டிங் பிளேயர் டிரில்லுன்னு அத்தனை கனமும் அதுலதான் தொங்கும். அதான் வயிறு எரியுது.

550ன்னா சும்மா மாடல் நம்பர் இல்லைங்க. 550 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 250 கிலோ தாங்கணும்னு அர்த்தம். ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க பாராசூட்டுக்கு தொங்கு கயிறா வந்தது, ராணுவ கணக்குல டைப் 3ன்னு சொல்லுவாங்க, சுமார் 4 மில்லிமீட்டர் கனம், வெளிய நெருக்கமா பின்னின நைலான் உறை, உள்ள 7ல இருந்து 9 வரைக்கும் தனித்தனி இழை, ஒவ்வொரு இழையும் முறுக்கி இருக்கும். பலத்துல பெரிய பங்கு அந்த இழைலதான் இருக்கு. இதுல குரோஷே போடுறதுல இன்னொரு வசதி, நுனிய அவுத்து இழுத்தா மொத்த பெல்ட்டும் சரசரன்னு பிரிஞ்சு நீளக் கயிறா வந்துடும், ஒரு அவசரத்துக்கு உதவும், அதுக்காகவே நிறைய பேர் இத போடுறாங்க. கயிறே பொய்யா இருந்தா பிரிச்சு என்ன பண்றது?

9 எம்எம் ஊசில போட்டேன். ஊசி முனை அடிக்கடி உறைக்குள்ள குத்தி நூல இழுத்துட்டே இருந்துச்சு, விரல்ல அழுத்தினா கயிறு ரிப்பன் மாதிரி தட்டையாச்சு. குரோஷேல முதல் கண்ணிலருந்து கடைசி வரைக்கும் ஒரே கயிறுதான், நடுவுல வெட்ட மாட்டோம், ரெண்டு நுனியையும் செல்லரே உருக்கி மூடி அனுப்பிடுறான், அதனால உள்ள என்ன இருக்குன்னு வேலை முடிஞ்சு வெட்டும்போதுதான் தெரியும். வெட்டினேன். 7 இழை எங்க இருக்கு, முறுக்கே இல்லாம வெள்ளையா பொசுபொசுன்னு ஒரு கத்தை பஞ்சு மாதிரி நூல் அடைச்சு வச்சிருக்கான்! அளந்து பாத்தா 26 மீட்டர்கூட முழுசா இல்ல.

பெல்ட்ட அண்ணன்கிட்ட கொடுக்கல. மிச்ச கயித்த ஒத்தையா மாடி கம்பில கட்டி 25 கிலோ அரிசி சிப்பத்த தொங்கவிட்டோம், ரெண்டாவது சிப்பத்த சேத்து மாட்டினதும் முடிச்சுகிட்ட பட்டுன்னு அறுந்துடுச்சு. முடிச்சு போட்டா பலம் குறையும், அது தெரியும், பாதியா குறைஞ்சாலும் நிஜமான 550 நூறு கிலோவுக்கு மேல தாங்கணும்ல.

நைலானும் இல்ல. ஒரு துண்டு வெட்டி தண்ணிக்குள்ள வச்சு காத்து போற வரைக்கும் நல்லா பிழிஞ்சு விட்டேன், மேல வந்து மிதக்குது. நைலான் முங்கும், பாலிப்ரொப்பிலீன் மாதிரி மலிவு பிளாஸ்டிக்தான் மிதக்கும். தீய காட்டினா மெழுகுவத்தி அணைச்ச வாசன. பாலிப்ரொப்பிலீன் 160, 165 டிகிரிலயே உருகிடும், நைலானுக்கு 220க்கு மேல போகணும், அதுவும் இந்த மலிவு சரக்கு வெயில்ல கிடந்தா வெளுத்து பொடிப்பொடியா உதிரும். நாள் முழுக்க வெயில்ல வேலை செய்றவரு இடுப்புல இதயா கட்டுறது?

செல்லர்கிட்ட போட்டோ வீடியோ எல்லாம் அனுப்பினா "கட் பண்ணின ப்ராடக்ட்ட ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்"ங்கிறான். வெட்டாம உள்ள இருக்கிறத எப்படிங்க பாக்குறது? ஒரு ஸ்டார் ரிவ்யூ போட்டதும் உடனே மெசேஜ், ரிவ்யூவ எடுத்துட்டா பாதி காசு தர்றானாம். முடியாதுன்னுட்டேன்.

அப்புறம் ஆப்போட குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். 2020 இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு பதில் தரணும், ஒரு மாசத்துல தீர்வு சொல்லணும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சேன். பாக்கெட்ல தயாரிச்சவங்க பேர், அட்ரஸ், எந்த நாட்டு சரக்கு, எதுவுமே இல்ல, நீளமும் குறைவு, ரெண்டும் எடை அளவு சட்டப்படி தப்பு, அதையும் சேத்தே எழுதினேன். நீங்களும் எழுதுங்க, "தரம் சரியில்ல"ன்னு மட்டும் போட்டா தட்டிக்கழிச்சுடுவாங்க. முழு காசும் திரும்ப வந்துச்சு.

இனிமே வாங்குறவங்க, ஊசிய தொடுறதுக்கு முன்னாடி பார்சல் பிரிக்கிறத வீடியோ எடுத்துட்டே ஒரு நுனிய விரல் நீளத்துக்கு வெட்டி இழைய எண்ணுங்க, தண்ணில போட்டு பாருங்க. இன்னொன்னு, அவன் போட்டோல ஒருத்தர் பாறைல இந்த கயித்த பிடிச்சு தொங்குறாரு. அசல் 550யே மனுஷன் தொங்குறதுக்கு இல்லைங்க, மலை ஏற தனி கயிறு இருக்கு, பிள்ளைங்க யாராவது நம்பிடப் போறாங்க.

அந்த லிஸ்டிங்க எடுத்துட்டாங்க. ஆனா நேத்து தேடினப்போ அதே பாறை போட்டோ, அதே பச்ச கருப்பு கயிறு, வேற செல்லர் பேர்ல இருக்கு. கண்ணுல பட்டா ரிப்போர்ட் அடிங்க.