பினாங்கில் பழைய கடிகாரம் வாங்குவோர் கவனத்திற்கு

கெடாவில் தோட்டத்துக் கிராணியாக இருந்த என் தாத்தாவின் கையில் ஓர் ஓமேகா சீமாஸ்டர் இருந்தது. அத்தையின் திருமணச் செலவுக்காக அடகுக்கடைக்குப் போன அது திரும்பி வரவேயில்லை. பழைய கடிகாரங்களின் மீது எனக்குள்ள பித்துக்கு அதுவே காரணம். மின்கலம் இன்றி, கை அசைவிலேயே தன்னை முறுக்கிக்கொண்டு, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஓடும் ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சுகத்தைப் புதுக் கடிகாரம் எதுவும் எனக்குத் தந்ததில்லை. அந்தப் பித்துதான் கடந்த மாதம் 4,800 ரிங்கிட்டை விழுங்கியது.

ஜார்ஜ்டவுனில் ஒரு மாடிக்கடையில் அதே வகைக் கடிகாரம் ஒன்றை வாங்கினேன். 1960களின் சீமாஸ்டர் என்றும், ஒரே குடும்பத்தார் வைத்திருந்தது என்றும், டயலும் முட்களும் மாற்றப்படவே இல்லை என்றும் கடைக்காரர் சொன்னார். தாத்தாவின் கதையை நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் ஐம்பது ரிங்கிட்கூடக் குறைக்கவில்லை.

அன்றிரவு விளக்கை அணைத்ததும் முட்களும் மணிப்புள்ளிகளும் பச்சையாக ஒளிர்ந்தன. முதலில் மகிழ்ந்தேன்; பிறகு வயிற்றைக் கலக்கியது. டயலின் அடியில் ‘ஸ்விஸ் மேட்’ என்பதன் இருபுறமும் ‘டி’ என்ற எழுத்து இருந்தது; அது, இருட்டில் ஒளிர உதவும் ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசியதற்கான அடையாளம். ட்ரிடியம் ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், அறுபது ஆண்டுகளில் முப்பதில் ஒரு பங்கே எஞ்சும்; அக்காலத்துப் பூச்சு இன்று மஞ்சளேறி, இருட்டில் கண்ணுக்கே தெரியாமல் இருக்க வேண்டும்.

மறுநாள், எங்கள் வீட்டுக் கடிகாரங்களை நெடுநாளாகப் பழுதுபார்க்கும் பெரியவர் உருப்பெருக்கியை என்னிடம் நீட்டினார். பெயரின் எழுத்து ஓரங்கள் மை ஊறியதுபோல் தடித்திருந்தன. நிமிடக் கோடுகளில் இரண்டு சாய்ந்திருந்தன. டயலைச் சுரண்டி மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். பின்மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்த செம்பு நிற இயந்திரம் அசல் ஓமேகாதான். ஆனால் மூடியின் உட்புறத்தில் 166 என்று தொடங்கும் எண் இருந்தது. அது தேதி காட்டும் தானியங்கி வகைக்கு உரியது. “தேதி எங்கே தம்பி?” என்றார். என் கடிகாரத்தில் தேதிக் கட்டமே இல்லை.

“பழைய சாமான்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்பதோடு கடைக்காரர் முடித்துக்கொண்டார். புலனத்தில் அனுப்பிய படங்களுக்குப் பதிலே இல்லை. ரசீதில் ‘பழைய கடிகாரம் 1’ என்று மட்டுமே எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். டயல் அசல், முட்கள் அசல், பின்மூடி அதற்கே உரியது என்று எழுதித் தர மறுப்பவரிடம் பணத்தை நீட்டாதீர்கள். பின்மூடியைக் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு ஐந்து ரிங்கிட்தான் கட்டணம், வழக்கறிஞரும் தேவையில்லை என்பதால் நானும் மனு கொடுத்துவிட்டு விசாரணை நாளுக்குக் காத்திருக்கிறேன்.

நேற்று அந்தப் பக்கம் போனபோது, அதே கண்ணாடிப் பேழையில் இன்னொரு சீமாஸ்டர் இருந்தது. டயல் பளிச்சென்று இருந்தது.