பேவர் பிளாக் நடைபாதை: கல் தேறும், அட்டவணை தேறுமா?

நகரத் தெருக்களைச் சீரமைக்கும்போது நடைபாதைக்கு அதிகம் தேர்வாவது இன்டர்லாக் பேவர் பிளாக், அதாவது ஒன்றையொன்று பூட்டிப் பிடிக்கும்படி பதிக்கும் கான்கிரீட் கல். பொருள் என்ற அளவில் இது நல்ல தேர்வு. ஆனாலும் பதித்து இரண்டு மழை போவதற்குள் கற்கள் ஆட ஆரம்பித்துவிட்டன என்ற புகார் எங்கும் உண்டு. ஆடுகிற இடத்தில் நாலு கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் கல் முழுசாகவே இருக்கும். அடியில் மணல் ஒரு பக்கமாக ஒதுங்கி, நடுவில் விரல் நுழையும் பள்ளம் தெரியும். பல நேரங்களில் அந்தப் பள்ளத்துக்குக் காரணம் பணம் எப்போது வந்தது, வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதுதான். அதனால் கல்லை மட்டும் வைத்து இதற்கு மதிப்பெண் போட முடியாது.

முதலில் கல். ஆட்கள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 60 மி.மீ. கனம் போதும். வண்டி ஏறி இறங்கும் வாசல்களுக்கு 80 மி.மீ. வேண்டும். 200க்கு 100 மி.மீ. அளவுக் கல் சதுர மீட்டருக்கு 50 பிடிக்கும், 60 மி.மீ. கனத்தில் ஒரு கல் ஏறக்குறைய 2.8 கிலோ இருக்கும். லோடு இறங்கியதும் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டால் அந்த லோடை லேபுக்கு அனுப்பாமல் பதிக்க விடாதீர்கள். உலர்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போட்டால் எடை 6 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. 2.8 கிலோ கல்லில் அது சுமார் 170 கிராம். மேலே வெள்ளையாகப் பூப்பது சுண்ணாம்பு உப்பு. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பலத்தைக் கெடுக்காது, நாளாக நாளாகப் போய்விடும். அதற்காக லோடைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

கல்லுக்குக் கீழே நடப்பதுதான் பெரிய விஷயம். ஜல்லிப் படுகை 100 முதல் 150 மி.மீ., நன்றாக இறுக்கியது. அதன்மேல் கரடு மணல் 25 முதல் 40 மி.மீ. இந்த மணலை வைத்து மேடுபள்ளத்தைச் சரிக்கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. ஒரு இடத்தில் 30, பக்கத்தில் 80 என்று மணல் போட்டால், கனமாகப் போட்ட இடம் அதிகமாக அமுங்கும். மணலுக்குப் பதில் கிரஷர் தூள் (ஜல்லி உடைக்கும்போது வரும் கல்தூள்) கொட்டினால் அதிலுள்ள மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு குழம்பாகிவிடும். மழை நாளில் கல்மேல் கால் வைத்ததும் இடுக்கிலிருந்து சளக்கென்று சேறு பீச்சுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஓரத்தில் கெர்ப் கல் (நடைபாதையின் விளிம்பைப் பிடிக்கும் கல்) கான்கிரீட்டில் உட்கார்ந்து இறுகிய பிறகே பதிப்பு தொடங்க வேண்டும். ஓரம் பிடிக்காவிட்டால் கற்கள் வெளிப்பக்கம் நகரும், இடுக்கு அகலும், பூட்டு விட்டுப்போகும். இடுக்கு 2 முதல் 5 மி.மீ. இருக்கலாம். பிளேட் காம்பாக்டரை (அதிர்ந்து அமுக்கும் தட்டு இயந்திரம்) ஒரு முறை ஓட்டி, உலர்ந்த நைசு மணலைத் தூவிப் பெருக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். சில வாரம் கழித்து இடுக்கில் மணல் இறங்கியிருக்கும்; அப்போது இன்னொரு தடவை நிரப்ப வேண்டும். ஒப்பந்ததாரர் பில் வாங்கிப் போய்விட்டால் இந்தக் கடைசி வேலை நடக்கவே நடக்காது. பில்லில் ஒரு பங்கை அதற்கென்றே நிறுத்தி வைப்பதுதான் வழி.

இனி அட்டவணை. மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், மின் கேபிள், தெருவிளக்கு அடித்தளம் எல்லாம் முடிந்த பிறகே மேல்தளம். தோண்டிய பள்ளத்தை 150 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளாக மூடி, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். ஒரேயடியாக மண்ணைத் தள்ளி மேலே மட்டும் உருட்டினால், அது அடுத்த மழையில்தான் உட்காரும். நிதியாண்டு முடிய ஆறு வாரம் இருக்கும்போது பணம் ஒதுக்கினால் எது சுருங்கும்? கண்ணுக்குத் தெரியாத இந்த இறுக்கும் வேலைதான். தெருவை அளவெடுப்பதும் வடிவமைப்பும் ஒரு நிதியாண்டில், பூமிக்கடியில் உள்ள வேலை அடுத்த வறண்ட பருவத்தில், மேல்தளம் அதற்குப் பின் என்று பிரித்துவிட்டால் இந்த அவசரம் போய்விடும். தளம் போட்டபின் சில ஆண்டுகளுக்கு யாரும் தோண்டக்கூடாது என்ற தடையும், அதற்கு முன்பே எல்லாத் துறைகளுக்கும் எழுத்துமூலம் அறிவிப்பும் வேண்டும். தெருவின் குறுக்கே காலிக் குழாய்களைப் புதைத்து வைத்தால் பின்னால் வரும் கேபிளுக்குத் தோண்டவே வேண்டாம். திட்டத்திலேயே மலிவான காப்பீடு அதுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தரத்தை மாற்றும். மேலிடத்து மானியம் பொதுவாகக் கட்டுமானத்துக்கு மட்டும், பராமரிப்புக்குத் தராது. பல மானியங்களில் நகராட்சி முதலில் செலவழித்து, பிறகு கணக்குக் காட்டி வாங்க வேண்டும். கையில் ரொக்கம் இல்லாவிட்டால் வேலை பாதித் தெருவில் நிற்கும். தெருவோரச் சொத்துக்காரர்களிடம் சிறப்பு வரி வசூலித்தால் பணம் பல வருடமாகத் துளித்துளியாக வரும். நடுவில் கடன் வாங்காமல் முடியாது. எஸ்டிமேட் போட்ட நாளுக்கும் டெண்டர் திறக்கும் நாளுக்கும் நடுவே விலை ஏறியிருக்கும். பத்து சதவீதமாவது கையிருப்பு ஒதுக்காத திட்டத்தில் முதலில் காணாமல் போவது காலிக் குழாய், பிறகு ஜல்லியின் கனம், பிறகு பின்னாளில் பழுதுபார்க்க வாங்கி வைக்கும் உபரிக் கல். பணம் போதாவிட்டால் தெருவின் நீளத்தைக் குறையுங்கள். ஆழத்தில் கை வைக்காதீர்கள். ஐந்நூறு மீட்டர் நன்றாக நிற்கும் நடைபாதை, ஒரு கிலோமீட்டர் ஆடும் நடைபாதையைவிட எவ்வளவோ மேல்.

கான்கிரீட் தளத்தோடு ஒப்பிட்டால், பேவரில் பதித்த அன்றே நடக்கலாம். கடைத்தெருவுக்கு இது பெரிய வசதி. கான்கிரீட்டை ஏழு நாள் ஈரமாக வைக்க வேண்டும், 100 மி.மீ. கனத்துக்குச் சுமார் 1.5 மீட்டருக்கு ஒரு இணைப்பு வெட்ட வேண்டும், வெட்டத் தாமதித்தால் அது தானே விரிசல் விடும். பின்னால் குழாய் உடைந்தால் கான்கிரீட்டில் ஒட்டுப்போட்டது காலத்துக்கும் தெரியும். பேவரை எடுத்து அப்படியே திரும்பப் பதிக்கலாம், உபரிக் கல் இருந்தால். ஆயிரம் சதுர மீட்டருக்கு 50,000 கல். அதில் 3 சதவீதம் கூடுதலாக, 1,500 கல்லை அதே தயாரிப்பில் வாங்கி அடுக்கி வையுங்கள். பிறகு வாங்கினால் நிறம் சேராது.

குறையும் உண்டு. விளிம்பு சரிவாக்கிய கல்லில் சக்கர நாற்காலி கடகடவென்று அதிரும். நடக்கும் தடத்துக்கு விளிம்பு சரிவில்லாத கல்லைக் கேளுங்கள். குறுக்கு வாட்டம் 2 சதவீதம், அதாவது மீட்டருக்கு 20 மி.மீ., போதும். அதற்கு மேல் போனால் நாற்காலி ஓரமாக இழுக்கும். சாலைக்கு இறங்கும் சரிவு 12க்கு 1ஐ விடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. பார்வையற்றவர்களுக்கான புடைப்புக் கல்லை ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கினார். 1967இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். நீளக் கோடு ‘போகலாம்’, புள்ளிகள் ‘நில், கவனி’. இதை அழகுக்காக மாற்றிப் பதிப்பதும், கோட்டை நேராக விளக்குக் கம்பத்தில் கொண்டு முட்டுவதும் மன்னிக்க முடியாத தவறு.

வேலையை ஏற்கும் முன் மூன்று மீட்டர் நேர்கட்டையைத் தளத்தில் வைத்து, அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மேன்ஹோல் மூடியைச் சுற்றியுள்ள துண்டுக் கற்கள் முழுக்கல்லில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது பழுது வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம், ஒரு முழு மழைக்காலத்தையாவது தாண்ட வேண்டும். அதுவரை பில்லில் நிறுத்தி வைத்த பிடித்தத் தொகையை விடுவிக்க வேண்டாம்.