ஏற்காட்டு பங்களா பீரோ: ஓராண்டுக்குப் பின்

சேலத்தில் பழைய மரச்சாமான்கள் விற்கும் ஒரு கடையில், ஏற்காட்டு காப்பித் தோட்ட பங்களா ஒன்றிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட, ஐந்து இழுப்பறைகள் கொண்ட தேக்கு பீரோவைச் சென்ற ஆண்டு வாங்கினேன். சேர்வராயன் மலையில் 1820களிலேயே காப்பி பயிரிடத் தொடங்கிவிட்டதால், இங்கே விலைக்கு வரும் ஒவ்வொரு பழைய மேசைக்கும் எப்படியோ ஒரு துரை கிடைத்துவிடுகிறார். ஆகவே கதையை விட்டுவிட்டு மரத்தைப் பார்த்தேன்.

மேல் இழுப்பறையை முழுவதுமாக உருவிக் கவிழ்த்தபோது, முகப்புப் பலகையும் பக்கப் பலகையும் சேரும் இடத்தில், புறாவின் வால்போல விரிந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்த புறாவால் மூட்டுகளில் ஒன்று அகலமாகவும் அடுத்தது ஒடுக்கமாகவும் இருந்தன. அளவுக்காக ஆசாரி கீறிய கோடுகூட அழியவில்லை. இயந்திரத்தில் வெட்டியிருந்தால் எல்லாம் ஒரே அளவில் அமைந்திருக்கும். பித்தளைக் கைப்பிடிகளுக்குப் பின்னால், உள்பக்கத்தில், அடைக்கப்பட்ட பழைய துளைகள் தெரிந்தன. கைப்பிடிகள் மாற்றப்பட்டவை என்பதைக் கடைக்காரர் மறுக்காமல், 40,000 ரூபாயில் இரண்டாயிரத்தைக் குறைத்துக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் கடைசி இழுப்பறை அசையவில்லை. "புதுப் பாலிஷ் சார், ஒட்டிக்கிச்சு, வீட்டுக்குப் போனா சரியாயிடும்" என்றார், நானும் விட்டுவிட்டேன். வீட்டில் கத்தி முனையால் நெம்பித் திறந்தபோது அடிப்பலகை பிளைவுட் என்பது தெரிந்தது. ஒரு வாரத்தில் அம்மாவின் பட்டுப்புடவை மீது மாவு போன்ற மெல்லிய தூள் படிந்திருந்தது. வைரம் பாய்ந்த தேக்கைப் பூச்சி எளிதில் தொடாது என்பது உண்மைதான். துளைகள் இருந்ததெல்லாம் பிளைவுட்டிலும், அதைத் தாங்கிய, வைரம் பாயாத வெளிறுச் சட்டத்திலும்தான். பாலிஷ் அவற்றை அழகாக மூடியிருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, விற்ற பொருளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். வேறு ஆசாரியை வைத்து மருந்து அடித்து, அடிப்பலகையையும் சட்டத்தையும் மாற்ற 3,500 ரூபாய் ஆயிற்று.

ஏப்ரல் வெயிலில் பக்கப் பலகைகள் அகலவாட்டில் சுருங்கி, ஒரு நூல் அளவுக்கு இடைவெளி விட்டன. மலை ஈரத்திலிருந்து இறங்கிய மரத்திற்கு அது இயல்பானதே என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் சற்று உப்பி இறுகிய இழுப்பறைகளுக்கு, அவை ஓடும் சட்டங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்ததே போதுமாக இருந்தது. வேலைப்பாட்டுக்கும் மரத்துக்கும் கொடுத்த விலை தகும். கடையின் பேச்சுக்குத் தகாது. அம்மா மட்டும் கடைசி இழுப்பறையில் இன்றுவரை பழைய செய்தித்தாள்களைத் தவிர வேறெதையும் வைப்பதில்லை.