பி.காம் அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ்: மூன்று வருடம் படித்தவன் சொல்கிறேன்

சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் 2021 முதல் 2024 வரை இந்தக் கோர்ஸ் படித்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஃபார்ம் வாங்கும் தம்பி தங்கைகள் நிறையப் பேர் இந்தக் கோர்ஸ் எப்படி என்று கேட்கிறார்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பெரிய லாபம் ஷிப்ட் 2. மதியம் ஒன்றரைக்குத்தான் வகுப்பு, காலை முழுக்க நம் கையில். என் பெஞ்சில் மூன்று பேர் காலையில் சி.ஏ. கோச்சிங் போய்விட்டு டிபன் பாக்ஸோடு நேராக வகுப்புக்கு வருவார்கள். சி.ஏ.வின் முதல் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது, பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் டைரக்ட் என்ட்ரியில் அடுத்த நிலையான இண்டர்மீடியட்டுக்குப் பதியலாம், அதனால் டிகிரி மார்க்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அக்கவுண்ட்ஸ் பாடங்கள் நன்றாகவே இருந்தன. பார்ட்னர்ஷிப், கம்பெனி அக்கவுண்ட்ஸ், காஸ்டிங் எல்லாம் போட்டுப் போட்டுக் கை பழகிவிடும். ஃபைனான்ஸ் பக்கம்தான் ஏமாற்றம். என்.பி.வி. கணக்குக்கு, அதாவது ஒரு முதலீட்டில் பின்னால் வரும் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து போட்ட பணத்தைக் கழித்துப் பார்ப்பதற்கு, ஜெராக்ஸ் டேபிளும் கால்குலேட்டரும்தான். ஒன்று, இரண்டு, மூன்று வருடம் கழித்து வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 10 சதவீதத்துக்கு 0.909, 0.826, 0.751 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் ஏன் 10, ஏன் 12 இல்லை என்று வகுப்பில் ஒரு நாள்கூடப் பேசியதில்லை. எக்ஸெலில் அதே கணக்கைப் போட வேலைக்குப் போன பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

இதைவிட வலித்தது ஒரு இண்டர்வியூ. பங்கு விற்றால் எத்தனை நாளில் செட்டில்மெண்ட், அதாவது பணம் எப்போது வந்து சேரும் என்று கேட்டார்கள், நோட்ஸில் இருந்தபடி டி+2, விற்ற நாளிலிருந்து இரண்டு வேலை நாள் என்றேன். 2023 ஜனவரி 27-லிருந்தே எல்லாப் பங்குக்கும் டி+1 ஆகிவிட்டது, அப்போது நான் இரண்டாம் வருடத்தில் இருந்தேன், மூன்றாம் வருடம் கொடுத்த நோட்ஸிலும் அது மாறவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு சார் இருந்தார். ஐந்தாவது செமஸ்டரில் நம்ம ஊர் டயர் கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கையைப் பிரிண்ட் எடுத்து வந்து, லாபத்தைப் பார்க்காதே, முதலில் கேஷ் ஃப்ளோவுக்குப் போ என்றார். லாபம் ஏறியிருக்கிறது, கையில் பணம் வரவில்லை, ஏன் என்று தேடச் சொன்னார். பாக்கி வர வேண்டிய கணக்கில் போய் நின்றோம். அந்த ஒரு மணி நேரத்தில் புரிந்த அளவு வேறு எந்தப் பேப்பரிலும் புரியவில்லை. இப்போதும் வேலையில் எந்த அறிக்கை வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறேன்.

சுயநிதிப் பிரிவு என்பதால் எய்டட் பி.காமை விடக் கட்டணம் நிறைய. பிளேஸ்மெண்டில் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்காதீர்கள், என்ன வேலை என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் கிடைத்தது இன்வாய்ஸ் சரிபார்க்கும் வேலைதான்.

அப்புறம், சேருவதற்கு முன்னால் ஃபைனல் இயர் பையன் ஒருவனைப் பிடித்து அவனுடைய இன்வெஸ்ட்மெண்ட் நோட்ஸை வாங்கிப் பாருங்கள். செட்டில்மெண்ட் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறது?