பதினான்கு அங்குலக் கட்டையோடு ஆறு வருடம்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "வீட்டுக் காவலுக்கும் ஆகவேண்டும், விடுமுறை நாளில் காற்றில் வீசும் தட்டுகளைச் சுடவும் ஆகவேண்டும். நீ வைத்திருக்கிற பம்ப் ஷாட்கன்னையே நானும் வாங்கிவிடட்டுமா?" உரிமம் கைக்கு வந்துவிட்டதாம். வாங்கு, வாங்காதே என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தத் துப்பாக்கிக்கும் எனக்கும் ஆறு வருடமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 12 போர், மூன்று அங்குலத் தோட்டா அறை. போர் என்பது குழல் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும். வாங்க நினைப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான். இந்த ஆறு வருடத்தில் சுத்தியல் விழுந்தும் தோட்டா வெடிக்காதது இரண்டே முறை. இரண்டும் ஈரத்தில் கிடந்த பழைய தோட்டாக்கள். சிக்கிக்கொண்டது பலமுறை, அத்தனையும் என் கையால் வந்தது. பம்பை, அதாவது குழலுக்கடியில் முன்னும் பின்னும் நகரும் கைப்பிடியை, கடைசிவரை பின்னுக்கு இழுக்காமல் பாதியிலேயே முன்னே தள்ளினால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழாமல் வாயிலில் குறுக்கே நின்றுவிடும். நிதானமாக இருக்கும்போது யாரும் அப்படிச் செய்வதில்லை. அவசரத்தில் எல்லோரும் செய்கிறோம். போலித் தோட்டாக்களை வைத்து, முழங்கை விலாவில் இடிக்கும்வரை இழுத்து இழுத்துப் பழகிய பிறகுதான் எனக்கு அந்தத் தொல்லை விட்டது.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் இரண்டாவது குழல். வீட்டுக்கு 18.5 அங்குலம், தட்டுக்கு 28 அங்குலம். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, தோட்டாக் குழாயின் முனையில் உள்ள மூடியைத் திருகினால் குழல் கையோடு வந்துவிடும். மற்றதை நுழைத்து மூடியை இறுக்க ஒரு நிமிடம் ஆகாது. குட்டைக் குழலோடு கதவோரம் திரும்புவது எளிது. நெட்டைக் குழலோ பறக்கும் தட்டின் பின்னால் தானே வழுக்கிக்கொண்டு போவதுபோல் போகும். ஒரே விசை, ஒரே பம்ப், ஒரே பாதுகாப்புப் பித்தான். ஒன்றில் பழகியது இன்னொன்றுக்கும் உதவுகிறது.

இனி வழக்கு.

அந்தக் கட்டை! விசையிலிருந்து தோளில் படும் முனைவரை பதினான்கு அங்குலத்துக்குச் சற்று மேல். தொழிற்சாலைகள் பெரும்பாலும் இந்த அளவைச் சுற்றித்தான் அடிக்கின்றன. நெட்டையான, கை நீண்ட ஒருவரை மனதில் வைத்து அறுத்த கட்டை அது. நான் அந்த ஆள் இல்லை. முதல் வருடம் முழுவதும் எனக்குக் காயம்பட்ட இடம் தோள்குழி அல்ல, மேற்கை. கட்டை அக்குளில் சட்டையைப் பிடித்து இழுக்கும். அதை எப்படியோ தூக்கி நிறுத்தினால் தோளை விட்டு வழுவிக் கையின் தசையில் உட்காரும். குளித்துவிட்டு வந்தால் நீலமும் மஞ்சளுமாகக் கட்டையின் முனை அச்சடித்ததுபோல் தெரியும். "12 போர் என்றால் உதைக்கத்தான் செய்யும்" என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

உதையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குறி தப்பியதுதான் பொறுக்கவில்லை. ரைஃபிளில் பின்னால் ஒரு குறிக்காட்டி இருக்கும், முன்னால் ஒன்று இருக்கும். சாதாரண ஷாட்கன்னில் முன்னால் ஒரு பித்தளைக் குமிழ் மட்டும்தான். பின்குறிக்காட்டி என்பது சுடுபவனின் கண். கன்னம் கட்டையில் படியும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால், பின்குறிக்காட்டியை ஒவ்வொரு முறையும் நகர்த்தி வைத்ததற்குச் சமம். தலை கொஞ்சம் உயர்ந்தால், தோட்டாவிலிருந்து சிதறிப் போகும் ரவைக்கூட்டம் தட்டுக்கு மேலே போகும். எனக்கு ஒரு நாள் மேலே, ஒரு நாள் பக்கத்தில். 25 தட்டுகள் கொண்ட ஒரு சுற்றில் பதினொன்றைத் தாண்டுவதே பெரும்பாடு.

சரி, பழுதுபார்க்கக் கொடுப்போம் என்று கொடுத்தேன். "ஓர் அங்குலம் குறையுங்கள், உதையைத் தாங்க நல்ல ரப்பர் முனையும் வேண்டும்" என்றேன். அந்த மனிதர் மரத்தில் காகித நாடா சுற்றி, சிலும்பு வராமல், சாய்கோணம் மாறாமல் அழகாக அறுத்தார். பிறகு ஓர் அங்குலத் தடிமனுள்ள ரப்பர் முனையை அழகாகப் பொருத்தினார். கூலியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அளந்தால் பழைய அளவு, நூல் பிசகவில்லை. அளவு நாடாவை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து வீட்டில் யாரும் அன்று மாலை என்னிடம் பேசவில்லை. ரப்பரும் நீளத்தில் சேர்த்தி என்பது அவருக்குத் தெரியாதா, அல்லது நான்தான் சொல்லத் தெரியாமல் சொன்னேனா? நியாயமாகப் பார்த்தால் இரண்டாவதுதான். நியாயமாகப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இரண்டாம் முறை அறுத்த பிறகு பதின்மூன்றேகால். அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் மிகை என்பார்கள். காலியான துப்பாக்கியின் குழல்வாயில் சிறிய டார்ச் ஒன்றைச் செருகி, சுவரும் கூரையும் சேரும் கோட்டை ஒளிவட்டத்தால் வருடிக்கொண்டே தோளுக்கு உயர்த்தும் பயிற்சி ஒன்று உண்டு. முன்பெல்லாம் கட்டை தோளைத் தொடும் நொடியில் ஒளி ஒரு துள்ளு துள்ளும். புதிய நீளத்தில் அது கோட்டை விட்டு அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூக்கி, கன்னம் பதிந்த பின் திறந்தால் குமிழ் நேர் எதிரே நின்றது. கையின் காயமும் போயிற்று. அதே 12 போர், அதே 28 கிராம் ரவை கொண்ட தோட்டா.

வீட்டுக் காவலைப் பற்றி நண்பனுக்கு இருந்த நம்பிக்கைகளைக் கலைக்க வேண்டியிருந்தது. பம்ப் ஓசை கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்பது முதல் நம்பிக்கை. நாம் எந்த மூலையில் நிற்கிறோம் என்பதையும் அதே ஓசைதான் அவனுக்குச் சொல்லும். ஷாட்கன்னுக்குக் குறியே வேண்டாம், அறை முழுவதும் தெளித்துவிடும் என்பது இரண்டாவது. ஒன்பது பெரிய ரவைகள் கொண்ட தோட்டாவைக் குட்டைக் குழலில் ஐந்து மீட்டரிலிருந்து அட்டையில் சுட்டுப் பார்த்தேன். ஓட்டைகள் எல்லாம் என் உள்ளங்கைக்குள் அடங்கின. அதே ரவைகள் மெல்லிய தடுப்புச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்கும் போகும். அங்கே யார் தூங்குகிறார்கள் என்பது துப்பாக்கிக்குத் தெரியாது.

பாதுகாப்புப் பித்தானையும் நம்பிவிடக் கூடாது. பல ஷாட்கன்களில் அது விசையை மட்டுமே தடுக்கிறது. கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பொறுப்பில்லை. என்னுடையது பூட்டிய பெட்டிக்குள், தோட்டா அறை காலியாகத்தான் இருக்கும்.

20 போர் வாங்கலாமா என்றும் கேட்டான். தாராளமாக. உதை குறையும் என்று மட்டும் எண்ண வேண்டாம். எடை குறைந்த 20 போர், கனத்த 12 போரைப் போலவே உதைக்கும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்கள் ஒரே பையில் சேரவே கூடாது. 20 போர்த் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலில் அடைத்துக்கொள்ளும். அறை காலி என்று நினைத்து அடுத்ததைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர்த் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் வந்தது அதனால்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பு: இதை வாங்காதே. ஒரு தடவைகூட என்னைக் கைவிடாத துப்பாக்கிதான், தெரியும். ஆனால் ஆளின் அளவுக்கு இடையில் செருகும் அட்டைகளும் முனைகளும் கொடுத்து நீட்டவும் குறைக்கவும் வழிசெய்த கட்டைகள் கிடைக்கும்போது, ஒரே நீளத்தை உலகத்தின் தலையில் கட்டுகிறவர்களுக்கு நான் ஆள் பிடித்துக் கொடுக்க மாட்டேன்.

அவன் கேட்டுக்கொண்டான். நேற்று சுடுதளத்துக்கு வந்து என்னுடையதையே வாங்கிச் சுட்டும் பார்த்தான். என்னைவிட ஒரு சாண் உயரம். பதின்மூன்றேகால் அவனுக்குப் பொம்மைக் கட்டை. ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் மூக்கில் இடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் சுற்றிலேயே 25க்குப் பதினேழு. மூக்கைத் தடவிக்கொண்டே, "கட்டை சரியாகத்தானே இருக்கிறது?" என்றான்.