கெக் குழாய் ஒழுகினால் வாஷரா, புதுக் குழாயா?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வைத்திருக்கும் 19 லிட்டர் எவர்சில்வர் கெக், அதாவது வாயு அழுத்தம் தாங்கும் மூடிய உருளை, முதலில் பீருக்காகச் செய்யப்பட்டதே இல்லை. கடைகளுக்கு சோடா சிரப் அனுப்பத்தான் அது வந்தது. ஹோஸ் மாட்டும் இடத்தில் பெப்சிக்கு ஒரு வகைப் பூட்டு, கோக்குக்கு வேறு வகைப் பூட்டு. பிற்பாடு அந்த வியாபாரம் அட்டைப் பெட்டிக்குள் வைத்த பைக்கு மாறியதும், பழைய கெக்குகள் பீர் ஆசாமிகள் கைக்குப் போயின. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டில் இருப்பது மறுபடி சோடாவுக்கே வந்துவிட்டது. பீர் காய்ச்ச உரிமம் வேண்டும், அந்தத் தலைவலி எதற்கு? பெந்தோங் இஞ்சி, எலுமிச்சை, சீனி, கரியமில வாயு. கோயில் உபயத்துக்கும் கொண்டுபோகலாம்.

இங்கே ஒரு சிக்கல். குழாய் ஒழுகினால் என்ன செய்வது என்று கிடைக்கிற யோசனை எல்லாம் பீரை மனதில் வைத்துச் சொன்னது. பீருக்கு 10, 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அழுத்தம் போதும். சோடா நன்றாகப் பொங்க வேண்டுமானால் 25 முதல் 30 வரை ஏற்ற வேண்டும். அதோடு சீனிப்பாகு, இஞ்சி நார் வேறு. அதனால் பீர்க்காரர்கள் நல்லது என்று சொல்லும் குழாய் நமக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

குழாயைக் குறை சொல்வதற்கு முன், அது உண்மையிலேயே ஒழுகுகிறதா என்று பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த இரும்பு எல்லாம் வியர்க்கும். குழாய் மூக்கில் தொங்கும் சொட்டு வெறும் காற்றின் ஈரமாக இருக்கலாம். துடைத்துவிட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், இனித்தால் ஒழுகல். அதற்கும் சோம்பலா, எறும்புகள் வரும் வரை காத்திருங்கள். எந்த இடுக்கில் மொய்க்கின்றனவோ அங்கேதான் கோளாறு.

இனி குழாய்கள். கட்டைவிரலால் அழுத்துகிற கறுப்புப் பிளாஸ்டிக் பிக்னிக் குழாய்தான் எல்லாவற்றிலும் மலிவு. உள்ளே ஸ்பிரிங் தள்ளிப் பிடிக்கிற ஒரு சின்ன அடைப்பான், அவ்வளவுதான். அதில் ஓர் இஞ்சி நார் சிக்கினாலே சொட்ட ஆரம்பிக்கும். மேல்மூடியைத் திருகிக் கழற்றி, வெந்நீரில் அலசிப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் 30 பிஎஸ்ஐ அதற்கு ஒத்துவராது, பீய்ச்சியடித்துப் பாதி கோப்பை நுரையாகும். குழாய்க்கும் கெக்குக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸை மெல்லியதாகவும் நீளமாகவும் போட்டால் வேகம் தணியும்.

பழைய மதுக்கடை பாணியில் பளபளக்கும் குரோம் குழாய் பார்வைக்கு ராஜா. அடைப்பு அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. ஊற்றி முடித்ததும் மூக்குப் பகுதி காலியாகி, உள்ளே ஒட்டிய பாகு காற்றில் காய்ந்து பிசினாகும். மறுநாள் கைப்பிடியை இழுத்தால் வராது, வலித்து இழுத்தால் சரியாக மூடாது. பிறகு சொட்டுதான். பீருக்கே இந்தத் தொல்லை உண்டு, சீனிக்கு இரட்டிப்பு. எனக்கு அதைவிடப் பெரிய ஆட்சேபம், குரோமுக்கு அடியில் இருப்பது பித்தளை. பூச்சு தேய்ந்த இடத்தில் எலுமிச்சைப் புளிப்பும் கரியமில வாயுவும் சேர்ந்து செம்பை அரிக்கும். குடிக்கிற சோடாவில் அது வேண்டாம். இந்த வகை ஒழுகினால் வாஷர் தேடி அலையாதீர்கள், குழாயையே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, அடைப்பு முன்பக்கம் இருக்கும் எவர்சில்வர் குழாய். இன்டர்டேப், நூக்காடேப், பெர்லிக் எல்லாம் இந்த ரகம். உள்ளே எப்போதும் பானம் நிரம்பியே நிற்பதால் காய்ந்து ஒட்டுவது குறைவு. விலை கூடுதல், அதை மறைப்பதற்கில்லை. ஒழுகினால் இரண்டு இடம்தான் பார்க்க வேண்டும்: மூக்கில் சொட்டினால் முன் ஓ-ரிங் (வளைய வடிவ ரப்பர் வாஷர்), கைப்பிடி அடியில் கசிந்தால் அதன் உருண்டையைச் சுற்றிய ஓ-ரிங். இரண்டையும் மாற்றிவிடலாம், குழாய் புதிதுபோல் வேலை செய்யும்.

குழாய்க்குப் பின்னால், பானம் வரும் தண்டோடு திருகி இணைகிற வளையத்தில் கசிந்தால் உடனே எல்லோரும் எடுப்பது வெள்ளை டேப். பைப்புக்காரர் சுற்றுகிறாரே, நாமும் சுற்றுவோம் என்று. அந்த டேப், முனை ஒடுங்கிக்கொண்டே போகிற மரைக்கு உரியது. அங்கே மரையே நீரைத் தடுக்கும். கெக் குழாயின் வளையத்தில் மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும், நீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் வாஷர். எத்தனை சுற்று சுற்றினாலும் நசுங்கிய வாஷர் நிமிராது. சில சமயம் டேப் தடித்து, வாஷர் சரியாகப் பதியாமலே போய்விடும். சிலிக்கான் பசை இன்னும் மோசம், அடுத்த முறை கழற்றவே விடாது.

சரி, ஓ-ரிங் எங்கே வாங்குவது? ரப்பர் மரத்தை நம்பி வளர்ந்த ஊர் இது, இருந்தாலும் கெக்குக்கான ரிங் ரப்பர் பாலில் இருந்து வருவதில்லை. நைட்ரைல், இபிடிஎம், சிலிக்கான் என்று செயற்கைச் சரக்கு. ஹார்ட்வேர் கடையில் தண்ணீர் பம்புக்கு விற்கிற கறுப்பு ரிங் அளவுக்குப் பொருந்தலாம், அவசரத்துக்கு ஒழுகலை நிறுத்தவும் செய்யலாம். ஆனால் உணவுக்கு ஏற்றது என்ற உத்தரவாதம் இல்லை, ரப்பர் வாடை இஞ்சியையும் மீறி வரும். குழாயோடு சேர்த்தே உதிரி ரிங் செட் ஒன்று வாங்கி வைப்பதுதான் உத்தமம். பூட்டும்போது உணவுக்கான சிலிக்கான் கிரீஸ் துளி தடவுங்கள். வாஸலின் வேண்டாம், சில ரப்பர்கள் அதில் ஊறி உப்பிப்போகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளாவட்டத்தில் சிக்கடிக்கும்.

மாதம் ஒருமுறை மட்டும் சோடா போடுகிறவருக்கு எவர்சில்வர் குழாய் வீண் செலவு. பிக்னிக் குழாய் போதும், வேலை முடிந்ததும் ஹோஸோடு கழற்றிக் கழுவி வைத்துவிடலாம். தினமும் ஊற்றும் வீடென்றால் முன்னடைப்பு எவர்சில்வர்தான். எதுவானாலும், கழற்றுவதற்கு முன் வாயுவை மூடி, கெக் மூடியில் உள்ள வளையத்தை இழுத்து அழுத்தத்தை முழுக்க வெளியேற்றுங்கள். பிறகு ஹோஸைக் கெக்கிலிருந்து பிரித்து, அதில் தேங்கியதைக் குழாய் வழியாகவே வடித்துவிடுங்கள். 30 பிஎஸ்ஐயோடு குழாயைத் திருகினால் சமையலறைச் சுவரெல்லாம் இஞ்சிப் பாகு.