52 வரிசையில் ஒரு வருடம்: காப்பகச் செலவுக்கு நான் வைத்திருக்கும் ஷீட்

கைக்குழந்தையாகக் காப்பகத்தில் விட்ட நாளிலிருந்து, இப்போது பள்ளிக்குப் போகிற வயது வரை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் வருடச் செலவை ஒரே எக்செல் ஷீட்டில்தான் போட்டு வருகிறேன். பெரிய வித்தை எதுவும் அதில் இல்லை. மாதத்துக்கு ஒரு வரிசை போடாமல் வாரத்துக்கு ஒன்று போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இத்தனை வருடமும் அது கைகொடுத்ததற்கு அந்த 52 வரிசைகள்தான் காரணம்.

வாரக் கட்டணம் வாங்கும் இடமென்றால் வித்தியாசம் உடனே தெரியும். வாரத்துக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு நாலு வாரம் என்று 12 மாதத்துக்குப் பெருக்கினால் 4,800. உண்மையில் கட்டப்போவது 5,200. நாலு வாரப் பணம் அப்படியே துண்டு விழும்.

மாதக் கட்டணமாக இருந்தாலும் வார வரிசையை விட்டுவிடாதீர்கள். காப்பகம் மூடியிருக்கும் நாட்களுக்கும் பல இடங்களில் பணம் கட்டியாக வேண்டும். அதே நாட்களுக்கு வேறு ஏற்பாடும் செய்தாக வேண்டும். வருட ஆரம்பத்தில் விடுமுறைப் பட்டியல் வந்ததும் கணவரும் நானும் உட்கார்ந்து அந்த வாரங்களுக்கெல்லாம் மஞ்சள் அடிப்போம். ஒவ்வொரு மஞ்சள் வரிசைக்கும் எதிரே 'யார் லீவு?' என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் அங்கே ஆள் வைக்கும் செலவு ஏறும். சம்பளமில்லா லீவு என்றால் பிடிக்கப்படும் தொகையும் ஏறும். ஷீட்டிலேயே எனக்கு ரொம்பப் பயன்பட்டது இந்தக் கட்டம்தான்.

அப்புறம், பிறந்தநாள் வரும் வாரத்தையும் குறித்துவையுங்கள். கைக்குழந்தைகள் பிரிவில் சில பிள்ளைகளுக்கே ஒரு ஆள் வேண்டும் என்பதால் கட்டணம் கூடுதலாக இருக்கும். வயது ஏறி அடுத்த பிரிவுக்கு மாறும்போது பெரும்பாலும் குறையும். எந்த வாரத்திலிருந்து மாறும் என்று காப்பகத்திடம் முன்பே கேட்டுவிடலாம்.

வரிச்சலுகையோ உதவித்தொகையோ இருந்தால், கட்டணத்திலேயே கழித்துக் காட்டாமல் பணம் கைக்கு வரும் வாரத்தில் வரவாக எழுதுங்கள். அதுவரை முழுத் தொகையும் நம் கையிலிருந்துதானே போகிறது!

இந்த முறையில் குறையும் உண்டு. காய்ச்சல் எந்த வாரம் வரும் என்று யாராலும் எழுதி வைக்க முடியாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் வருடம் சளி, காய்ச்சல் மாறி மாறி வரும். அதற்காக இரண்டு வாரக் கட்டணத்தைக் கடைசியில் தனியாக ஒதுக்கியிருக்கிறேன். பதிவுக் கட்டணம், தாமதமாக அழைக்கப் போனால் வாங்கும் தொகை போன்றவையும் அங்கேதான்.

பள்ளிக்குப் போனால் செலவு தீர்ந்துவிடும் என்று சொல்வார்கள். எங்கள் ஷீட்டில் சாதாரண வாரங்கள் இறங்கின, பள்ளி விடுமுறை வாரங்கள் ஏறிவிட்டன. இப்போது மஞ்சள் வரிசைகள் முன்பைவிட அதிகம்.

அடுத்த வருடக் கட்டண அறிவிப்பு வந்த வாரமே பழைய ஷீட்டை நகலெடுத்து மாற்றத் தொடங்கிவிடுவேன். மொத்தத்தை 12ஆல் வகுத்து, வரும் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறோம்.